சிட்டு அழித்த கட்டங்கள்

“திரை முழுக்கச் சிவப்புக் கட்டமா இருக்கே, அண்ணா! அம்மை போட்டிருக்கா?” என்று கேட்டாள் சிட்டு.

கேமரா பொருத்த வந்த அண்ணன் சிரித்தார். “இந்தக் கட்டங்கள்ல ஏதாவது அசைஞ்சா மட்டும்தான் மணி அடிக்கும், பதிவாகும். வேண்டாத கட்டத்தை இப்படித் தட்டினா அழிஞ்சிடும்.”

சிட்டு கண் கொட்டாமல் பார்த்தாள்.

“பார்த்தது போதும். தொட்டுடாதே!” என்றார் அப்பா. அவர்தான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர்.

அண்ணன் போனதுதான் தாமதம், தொல்லை தொடங்கியது. பின்பக்கக் கொடியில் துணிகள் காற்றில் ஆடின. ஆடும்போதெல்லாம் ‘கீ... கீ...’

“ஒரு போர்வை ஆடினதுக்கு இந்தக் கூப்பாடா!” காதைப் பொத்திக்கொண்டு அப்பா வெளியே போனார்.

சிட்டு கொடி தெரிந்த கட்டங்களை அழித்தாள். ஒரு துண்டு தரைவரை தொங்கி ஆடியது. அது ஆடிய இடத்தில் இருந்த நடைபாதைக் கட்டங்களையும் அழித்தாள். மணி வாயை மூடிக்கொண்டது.

“எப்படி நின்னுச்சு?” திரும்பி வந்த அப்பா கேட்டார்.

“தானா நின்னுடுச்சுப்பா.”

மூன்று நாள் கழித்து அப்பா காவல்கார மாமாவைக் கூப்பிட்டார்.

“மணிக்கு ஒரு தடவை பின்பக்கம் சுத்தி வரணும்னு சொன்னேன்ல? மூணு நாள் பதிவுல உங்க நிழல்கூட இல்லையே!”

“ஒரு சுத்துகூடத் தப்பலைங்க, ஐயா.”

“அப்ப கேமரா பொய் சொல்லுதா? நாளையிலிருந்து வர வேண்டாம்.”

மாமா விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கதவோரம் நின்ற சிட்டுவுக்கு எல்லாம் புரிந்தது. வாயைத்தான் திறக்க முடியவில்லை.

மறுநாள் வாசலில் காலி நாற்காலியைப் பார்த்தபோது பள்ளிப்பையைவிட நெஞ்சு கனத்தது.

மாலையில் வந்ததும் கேட்டாள். “அப்பா, பின்பக்கம் ஒரு சுத்து நடந்துட்டு வாங்க.”

“எதுக்குடா?”

“போங்கப்பா, ப்ளீஸ்.”

அப்பா முணுமுணுத்தபடி போய் வந்தார். “நடந்தாச்சு. இப்ப என்ன?”

“பதிவைப் பாருங்க.”

தேடினார். ஒன்றுமே இல்லை.

“நீங்களும் போகலையாம்ப்பா,” என்ற சிட்டு விம்மினாள். “மணி தானா நிக்கலை. நான்தான் கட்டத்தை அழிச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும்...”

அப்பா மெதுவாகச் சொன்னார்: “நேத்தே நானும் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கணும்.”

இருவரும் மாமா வீட்டுக்குப் போனார்கள். எல்லாவற்றையும் சொல்லி, “மன்னிச்சிடுங்க மாமா,” என்றாள் சிட்டு. அப்பாவும் அதையே சொன்னார்.

“நல்லவேளை சொன்னே, கண்ணு,” என்றார் மாமா. “நிஜமாவே நடந்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

மறுநாள் மாமா வேலைக்கு வந்தார். நடைபாதைக் கட்டங்களும் திரைக்கு வந்தன. மாமா பின்பக்கம் நடந்தார், நின்றார். கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்: வந்துட்டேன்.

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. இதற்கு முன்பு அவர் யாருக்கும் இப்படிக் காட்ட வேண்டியிருந்ததில்லை.

அடுத்த சுற்றுக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

“எங்கே கிளம்பிட்டே?”

“உங்ககூடத்தான். நீங்க கையைத் தூக்க வேண்டாம், மாமா.”

“அப்புறம் நான் வந்தது எப்படித் தெரியும்?”

“தெரியும், வாங்க. பேசிக்கிட்டே நடப்போம்.”

அன்றைய பதிவில் இரண்டு பேர் நடந்தார்கள். இருவருமே மேலே பார்க்கவில்லை.