காணாமல் போன 211ஆம் பக்கம்

பருத்திப்பட்டில் வாசகர் வட்டம் நடத்தும் செங்கல்வராயன், தடித்த புத்தகம் ஒன்றோடு பத்மாவின் வீட்டுக்கு வந்தார். பத்மா ஆவடித் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே உடன் வேலை பார்த்த யூசுப்பும் அப்போது இருந்தார். துப்புத் துலக்குவது என்றால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

பழைய அம்மன் வழிபாட்டையும் வெள்ளைக்காரன் காலச் சட்டத்தையும் பற்றிய ஆராய்ச்சி நூல் அது. அதில் 211ஆம் பக்கத் தாளைக் காணவில்லை. அதை வாங்கிப் போனவர்கள் இருவர்தாம். முதலில் வட்டத்தின் மூத்த உறுப்பினர் லட்சுமணன். பிறகு லேத் பட்டறைக்காரர் ஜீவா.

"கடைசியா வெச்சிருந்தவன்னு ஜீவாவ எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்மா. அத்தோட அவன் வர்றதில்ல. நான் பண்ணது தப்போன்னு மனசு அறுக்குது."

பத்மா 210ஆம் பக்கத்தைப் படித்தார். தேர் வடத்தைத் தொட்ட கூலியாள் மீது வழக்கு என்பதோடு அது நின்றிருந்தது. மறுநாள் யூசுப்புடன் முதலில் ஜீவாவின் பட்டறைக்கும் பிறகு லட்சுமணன் வீட்டுக்கும் போய் அந்த வழக்கைப் பற்றி விசாரித்தார். "அந்த ஆளு இன்னா ஆனான்னே தெர்லக்கா, அந்த எடத்துல பக்கமே இல்ல," என்றார் ஜீவா. லட்சுமணனோ தான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை என்றார். "பாவம், அந்தப் பொம்பளை கேஸ் இப்ப எதுக்கும்மா?" என்றும் கேட்டார்.

யூசுப்புக்குப் பிடிபடவில்லை. பத்மா லட்சுமணனையே பார்த்தார்.

"இருக்கிற பக்கத்துல கூலியாள்னுதான் சார் இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு எங்கயும் இல்ல. ஜீவா ஆம்பளைன்னு நினைச்சிருக்கார், தாள் போன பிறகு படிச்சதால. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

லட்சுமணன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். தாள் அதில் கசங்காமல் இருந்தது. வடத்தைத் தொட்ட பெண் மீது பொய்ச்சாட்சி சொல்லி அவளைச் சிறைக்கு அனுப்பிய கிராம முன்சீப்பின் பெயரும் ஊரும் அதில் இருந்தன.

"என் கொள்ளுத்தாத்தா. செங்கல்வராயன் வீட்ல ஆறு வருஷமா சாப்பிட்டிருக்கேன். அவங்க பரம்பரையே கூலி வேலை பார்த்தவங்க. இதைப் படிச்சிட்டு என்னை எப்படிப் பார்ப்பார்னு இருந்தது. ஜீவா மேல பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கல. அதுதான் இன்னும் கேவலம்."

செங்கல்வராயன் அன்றே ஜீவாவின் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். லட்சுமணனிடம் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் அந்தத் தாளை அவரே வாசிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பதினேழு பேர் வந்திருந்தார்கள். ஜீவா கடைசி வரிசையில் இருந்தார். லட்சுமணன் நின்றுகொண்டே வாசித்தார். முன்சீப்பின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தாளில் இல்லாத மூன்று சொற்களைச் சேர்த்தார்: "இவர் என் கொள்ளுத்தாத்தா." பிறகு, தலை நிமிராமல், அந்தப் பெண்ணின் பெயரை வாசித்தார்.