புள்ளி வைத்த தட்டு

மூன்றாவது முறையும் ஒழுகியது.

"சொட்டு விழுதாப்பா?" என்று கேட்டாள் அபிநயா.

"விழுது" என்றது வேனுக்கு அடியிலிருந்து ஒரு களைத்த குரல்.

அவளுடைய அப்பா வேடியப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்களை ஏற்றி இறக்கியே ஓய்ந்துபோயிருந்தார். அவரைவிட ஓய்ந்துபோனது அந்த வேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அபிநயாவைவிட அதற்கு ஆறு வயது ஜாஸ்தி.

கியர் பாக்ஸுக்கு அடியில் தாம்பாளம் போல ஒரு தகரத் தட்டு. அதைச் சுற்றிப் பதினான்கு போல்ட்டுகள். தட்டின் ஓரத்தில்தான் எண்ணெய் கசிந்தது. போன வாரம் பள்ளி வாசலில் சொட்டிய எண்ணெயில் ஒரு சின்னப் பையன் வழுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். தலைமையாசிரியர் கத்தவில்லை.

"திங்கக்கிழமையும் ஒழுகினா, நாங்க வேற வேன் பார்த்துக்குறோம் வேடியப்பன்" என்றார். அவ்வளவுதான்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

அப்பா மூன்று தடவை தட்டைக் கழற்றி, இடையில் வைக்கும் பேக்கிங் அட்டையைப் புதிதாக மாற்றிவிட்டார். கோபத்தைக் காட்ட ஆள் கிடைக்காமல் போல்ட்டுகளிடம் காட்டினார். ஸ்பேனரின் வாலில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி, முக்கி முக்கி இறுக்கினார். பலன்தான் இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "வாசல் பூரா எண்ணெய். யாராச்சும் வழுக்கப் போறாங்க. மேல எதையாச்சும் தூவு அபி."

அபிநயா கையில் கிடைத்த டப்பாவைக் கவிழ்த்து சிமென்ட் தரையில் தூவினாள்.

"அடியே, அது கோலமாவு."

"எதையாச்சும்னு தானம்மா சொன்னே."

அதற்குள் அப்பா நான்காவது தடவையாகத் தட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அதை அந்த மாவின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, வேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னால முடியலம்மா. அவங்க வேற வேனே பார்த்துக்கட்டும்."

அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. தட்டையாவது துடைத்து வைப்போம் என்று எடுத்தாள்.

தட்டின் விளிம்பில் கோலமாவு ஒட்டியிருந்தது. ஆனால் போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றி மட்டும்தான். இடையில் துளி மாவு இல்லை.

அவள் யோசித்தாள். விளிம்பைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, வேறு இடத்தில் மாவு தூவி அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அதே பதினான்கு புள்ளிகள்.

"அப்பா, இங்க பாருங்க. புள்ளி மட்டும் இருக்கு, கோடு இல்ல."

"கோலம் போடுற நேரமா இது?"

"கோலம் இல்லப்பா. ஓட்டை இருக்கிற இடம் மட்டும்தான் தரையைத் தொடுது."

பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, தட்டுக்கும் தரைக்கும் நடுவில் செருகினாள். ஓட்டை பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இடையில் சுலபமாக உள்ளே போனது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தட்டை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தது.

"குழாய் போட்டு இறுக்கினதுல வளைஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "ஒழுகுதேன்னு இறுக்கினேன். இறுக்கினதால ஒழுகியிருக்கு."

அம்மா உட்காரும் மணை வந்தது. அதன் மேல் விளிம்பை வைத்து, அப்பா சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு மேடாகத் தட்டித் தட்டிச் சமன் செய்தார். ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் அபிநயா மாவில் அழுத்திப் பார்த்தாள். ஆறாவது தடவை, விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடியது.

தட்டைத் துடைத்து, கடைசியாக மிச்சமிருந்த பேக்கிங்கை வைத்தார்கள்.

"அந்தக் குழாய் எங்கம்மா?" என்று அப்பா அபிநயாவைக் கேட்டார்.

"பீரோ மேல ஒளிச்சு வச்சிருக்கேன். தரமாட்டேன்."

அன்றைக்கு முதல்முறையாக அப்பா சிரித்தார். வெறும் ஸ்பேனரால் எதிரெதிர் போல்ட்டாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். புது எண்ணெய் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள்.

காலையில் அப்பா முதல் ஆளாக வேனுக்கு அடியில் போனார். போனவர் வரவில்லை. வாசலில் நின்ற அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"மறுபடியும் ஒழுகிடுச்சா அபி?"

அபிநயா குனிந்து பார்த்தாள். செய்தித்தாள் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதன் மேல் தலையை வைத்து, வாயைத் திறந்தபடி அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஒழுகலம்மா" என்றாள் அவள் சன்னமாக. "வேன் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருக்கு. சத்தம் போடாதே."