யாருக்குக் கெட்ட அம்மா?

பால் பொங்குவதற்குள் செவியிடம் பேசி முடித்துவிடுவது ஜெசிந்தாவின் வழக்கம். சமையலறைச் சுவரில் பதித்திருந்த, உள்ளங்கையளவு வட்டத் தகடுதான் செவி. தூத்துக்குடியில் அது இல்லாத வீடு கிடையாது. காலையில் ஒரு நிமிடம், அவரவர் மனக்குறையை அவரவர் வாயால் அதனிடம் சொல்ல வேண்டும்.

"நான் நல்ல அம்மாவா இல்ல. நேத்தும் பிள்ளைகிட்ட கத்திட்டேன்" என்றாள்.

ஊரின் மற்றக் குரல்களோடு செவி அதை ஒப்பிட்டுப் பார்த்தது. "தனி" என்றது.

பலர் சொல்லும் குறை ஒன்றாக இருந்தால் அது "பொது" என்னும். பிறகு யாரும் அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. நகரமன்றம் காரணத்தைத் தேடித் தீர்த்தாக வேண்டும். உப்பளத் தெருக்காரர்களின் தூக்கமின்மைக்குக் காற்றாலைகளின் அதிர்வுதான் காரணம் என்று அப்படித்தான் தெரிந்தது. அதுவரை எல்லோரும் தங்கள் மனத்தில்தான் கோளாறு என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோடும் பொருந்தாத குறையை மட்டும் அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் தொடும் தனிக்குறை திருந்தாமல் நீண்டால், பிள்ளையைச் சில மாதம் நகரமன்றத்தின் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஜெசிந்தாவுக்கு விசாரணை வருகிற சனிக்கிழமை.

மகள் அன்சிலாவுக்கு ஐந்து வயது. இப்போதெல்லாம் அவள் அம்மாவைக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து, ஒரு விரலால் முட்டியைத் தட்டுவாள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், குழாய்களைத் திரையில் கண்காணிக்கும் கூடத்தில் ஜெசிந்தாவுக்கு வேலை. எந்தக் குழாயில் அழுத்தம் மாறினாலும் காதொலிக் கருவியில் எச்சரிப்பொலி மெல்லிதாக உயர்ந்து இறங்கும். உடனே கை திரைக்குப் போக வேண்டும். அடுத்த இருக்கை சந்தனமாரியுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சந்தனமாரி வாயைத் திறந்தால் கூடமே சிரிக்கும். அவளுக்கும் குறை ஒன்று இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் ஒருத்தி தன் போனில் அக்கா பிள்ளையின் வீடியோவைப் போட்டாள். குழந்தை கிலுகிலுவென்று சிரித்தது. அந்தக் கணத்தில் மேசை நெடுகக் கைகள் காதுகளுக்குப் போயின. போன கையை மறைக்க ஒவ்வொருத்தியும் தட்டைப் பார்த்துக் குனிந்தாள். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தவள் சந்தனமாரி மட்டும்.

திரும்பி நடக்கையில் அவள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து நிறுத்தி, செவியிடம் தினமும் என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் சனிக்கிழமையை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பிள்ளையின் குரல் ஊசிபோல இறங்குவதையும், தான் கெட்ட அம்மா என்பதையும் சொல்லி முடித்தாள்.

சந்தனமாரி சிரிக்கவில்லை.

"ஏட்டி, நான் ஒரு கிளி வளத்தேன்லா? அது கீச்சு கீச்சுன்னு கத்தக் கத்த தாங்க முடியாம, கூண்டத் தொறந்து வெரட்டி விட்டுட்டேன். அதுக்குப் பறக்கவே தெரியாதுட்டி. ஈவு இரக்கம் இல்லாத பாவின்னு செவிகிட்ட தெனம் சொல்லுதேன். எனக்கும் தனின்னுதான் சொல்லுது." பிடித்த கையை அவள் விடவில்லை. "ஒனக்கு மாதிரியே எனக்கும் சத்தந்தான் தாங்கல. ஆனா எனக்குப் பிள்ளையே கிடையாதே ஜெசி. அப்ப நான் யாருக்குக் கெட்ட அம்மா?"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருத்தி தன்னைக் கெட்ட அம்மா என்கிறாள், இன்னொருத்தி பாவி என்கிறாள். ஆலயமணி கேட்டு எரிச்சல் வருகிற இன்னொருத்தி எங்காவது இருந்தால், விசுவாசம் போய்விட்டது என்று அழுதிருப்பாள். நடந்ததைச் சொல்லாமல் ஆளாளுக்கு ஒரு பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால் செவி எதை எதோடு பொருத்தும்?

ஆனால் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை மற்றவர் ஒப்பித்தால் செவி கண்டுபிடித்து இருவர் பேச்சையும் தள்ளிவிடும். சந்தனமாரி யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற வரிசையில் ஒவ்வொருத்தியாகப் போய்த் தன் கிளியின் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒனக்கு என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். நீ எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை. பதில் சொன்ன ஒவ்வொருத்தியின் கதையிலும் ஏதோ ஒரு கூர்மையான சத்தம் இருந்தது.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரையே சிரிக்கவைக்கும் ஒருத்தி, தான் செய்த கொடுமையைத் தன் வாயாலேயே திரும்பத் திரும்ப, ஒரு சிரிப்பும் கலக்காமல் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தானோ இத்தனை நாளும் கர்த்தரிடம் சொன்னாள், சுவரிடம் சொன்னாள். பக்கத்து நாற்காலியிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பால் பொங்கி வழிந்தது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை.

"வேலையில காதுக்குள்ள ஒரு சத்தம் உசந்து இறங்கும். வீட்டுல பிள்ள கூப்பிட்டா அதே மாதிரி இருக்கு. கை தன்னால பதறுது."

அந்த வரிசையில் நின்றவர்களின் காலைக் குரல்களோடும் செவி அதை ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு "பொது" என்றது.

காரணம் சீக்கிரமே வெளிவந்தது. குழந்தை கூப்பிடும் சுருதியில் ஒலித்தால் பெண்களின் கை விரைந்து நகர்கிறது என்று கண்டு, ஆலைக்காரர்கள் எச்சரிப்பொலியை அப்படியே அமைத்திருந்தார்கள். நகரமன்றம் அதை மாற்ற வைத்தது. இப்போது தூரத்துக் கப்பலின் சங்குபோலத் தாழ்ந்து ஒலிக்கிறது. விசாரணையும் ரத்தானது. சந்தனமாரி பழைய கூண்டைத் திறந்தபடியே மாடியில் தொங்கவிட்டிருக்கிறாள், உள்ளே கொய்யாத்துண்டு. வருகிற காக்கை அதைத் தின்றுவிட்டுத் தன்னை அதிகாரம் பண்ணுகிறது என்று மறுபடி கூடத்தைச் சிரிக்கவைக்கிறாள்.

ஒலி மாறிய சில நாட்களுக்குப் பின் ஒரு மாலை ஜெசிந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முட்டியில் விரல் தட்டியது.

"கூப்பிடு மக்கா. வாயால கூப்பிடு."

அன்சிலா உடனே கூப்பிடவில்லை. நாலடி பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள். பிறகு, உதடு மட்டும் அசைந்ததோ என்னும்படி, "அம்மா" என்றாள்.

ஜெசிந்தாவின் வலக்கை ஒருமுறை துடித்தது. கீரைத்தண்டோடு மடியிலேயே அடங்கியது.

"இன்னொரு தடவ" என்றாள்.

அன்சிலா ஓரடி முன்னால் வந்தாள்.