கொடுக்காத போல்ட்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, தான்சானியாவில் எங்கள் ஊரான சோங்கேயாவின் பழைய மிஷன் கிடங்குக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். அங்கே நடக்கும் மாலை வகுப்பில் ஆளுக்கொரு பொருளை ஆராய்ந்து பதிவு அட்டை எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது ஒரு துப்பாக்கி. 1905இல் ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்து எங்கள் மக்கள் நடத்திய மாஜி மாஜிப் போரில், ஜெர்மானியர்களின் சிப்பாய் ஒருவனிடமிருந்து பறிக்கப்பட்டது.

பறித்தவர், அருங்காட்சியகக் காவலர் ஆஸ்வின் காமாவின் பூட்டனார்.

"பாத்து எழுது ஃபௌஸ்டா" என்றார் ஆஸ்வின், கதவைத் திறந்துவிட்டபடி. "வெள்ளிக்கிழம இதுக்கான விளக்கப் பலகை அச்சுக்குப் போகுது. 'துப்பாக்கிய ஒப்படைச்சுட்டு உயிர்ப்பிச்சை கேட்டான்'னு எங்க பூட்டனப் பத்தி எழுதி வெச்சிருக்கானுங்க."

"கேக்கலயாண்ணே?"

"கேட்டிருந்தா எதுக்கு ஜெர்மன்காரன் போட்ட தூக்குல தொங்கினாரு? ஊஞ்சல் ஆடவா?"

அவர் போனதும் முறைப்படி தொடங்கினேன். குழலின் அடியில் கிரீட முத்திரை. பக்கத்தில் 71. ஜெர்மனியில் செய்த மௌசர், 1871ஆம் ஆண்டு மாதிரி. குழலில் 4417. கட்டையில் 4417. விசைக் காப்பில் 4417. திருகுகளில்கூடக் கடைசி இரண்டு எண்கள் இருந்தன. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு, போல்ட், அதில் மட்டும் 902.

நான் தவறாகப் படித்திருக்கலாம். எப்போதும் ஏதாவது தவறவிடுவேன். விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்து மூன்று முறை படித்தேன்.

902தான்.

கதவு தட்டப்பட்டது.

"கரிபு" என்றேன், தலை நிமிராமல். உள்ளே வாருங்கள் என்று எங்கள் ஊரில் யாரும் யோசிக்காமல் சொல்லும் சொல்.

கதவு திறந்தது. யாருமில்லை. நனைந்த தோலும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடை வந்தது. மழை இன்னும் பெய்யத் தொடங்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். 902 எண் போல்ட் துப்பாக்கியில் இல்லை. மேசையின் மறுகோடியில் கிடந்தது. அதைச் சுற்றித் தண்ணீர்.

புதன்கிழமையும் அப்படியே நடந்தது. ஆஸ்வினிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். "வீட்ல மூத்த மகன் கைக்கு மட்டும்தான் இது வரும். கேட்டா குடுக்காதன்னு மட்டும் சொல்லுவாங்க. என்ன ஏதுன்னு யாருக்கும் தெரியாது."

துருவைத் துடைத்தேன். இன்னொரு போல்ட். 4417.

"அண்ணே, இது இல்லாத துப்பாக்கி வெறும் தடி. அவரு இதக் கழட்டி ஒளிச்சிருக்காரு. 902 பின்னால யாரோ செருகினது."

"அப்போ ஜெர்மன்காரனுங்க அந்தத் தடியத்தான் பிடுங்கிட்டுப் போயிருக்கானுங்க!" அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

இரண்டு எண்களையும் படமெடுத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"தினமும் வர்றது உங்க பூட்டனார்தான் போல. முழுசாக்கிட்டா நிம்மதியாப் போயிடுவாரு" என்று சொல்லி, 4417ஐ உள்ளே செருகினேன். எண்ணெயிட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

தானாகப் பூட்டிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்வின் என் வாயைப் பொத்தினார். "ஹோடி சொல்லல" என்று கிசுகிசுத்தார். "எங்க ஆளுங்க 'ஹோடி'ன்னு குரல் குடுக்காம யார் வீட்டுக்குள்ளயும் வரமாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை நான் வரவேற்றது யாரை?

கதவு திறந்தது.

சிமெண்டுத் தரையில் பூட்ஸ் சத்தம். ஆணி அடித்த பூட்ஸ்.

"எங்க பூட்டன் செருப்பே போட்டதில்ல, தங்கச்சி."

ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக மேசையை நெருங்கின. துப்பாக்கியின் கட்டை மெல்ல மேலே எழுந்தது. பறிகொடுத்த சிப்பாய் தன் உடைமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருந்தான். முழுசாக.

போல்ட்டைப் பிடித்து இழுத்தேன். பனிக்கட்டிபோல் சில்லிட்டது. மறுபக்கத்திலிருந்தும் எதுவோ இழுத்தது. என் காதோரம் ஒரு குரல்:

"கொண்டா."

நான் தைரியசாலி அல்ல. ஆனாலும், தூக்குக் கயிறு கண்முன் தொங்கும்போதுகூட ஒருவர் இதைக் கொடுக்கவில்லையே.

"தரமாட்டோம்" என்றேன்.

ஆஸ்வினும் என்னோடு சேர்ந்து பிடித்தார். "நூறு வருஷமாத் தரல, இன்னிக்கா தருவோம்? போடா வெளிய!"

போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது. இருவரும் பின்னால் விழுந்தோம். துப்பாக்கி மேசைமேல் தொப்பென்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை என் படங்களைப் பார்த்துவிட்டுப் பலகையின் வாசகத்தை மாற்றினார்கள். போல்ட் ஆஸ்வினின் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. துப்பாக்கி வாய் பிளந்தபடி காட்சிப் பெட்டியில் இருக்கிறது. அருகில் என் அட்டை. போல்ட் என்ற கட்டத்தில் "எண் 4417. எதிரியிடம் கொடுக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

தினமும் காலையில் அந்த ஒரு வரி மட்டும் தண்ணீரில் கரைந்திருக்கிறது. மற்ற வரிகள் காய்ந்தே இருக்கின்றன. பெட்டிக்கு முன்னால், தரையில், ஆணித் தடங்கள்.

தினமும் போய் அதே வரியை மறுபடி எழுதுகிறேன். இன்று நாற்பத்தோராம் முறை.

ஆஸ்வின் அண்ணன் புதிய மைப்புட்டி வாங்கி வைத்திருக்கிறார். பெரியது.