ஜெனரல் கட்டக்கின் ஐயப் பலகை

அன்று காலை என் கணவர் எங்கள் வீட்டுக் காற்றில் கொஞ்சம் கடலைக் கலந்துவிட்டு நடைக்குக் கிளம்பினார்.

நிலவில் காற்று குழாய் வழியாகத்தான் வரும். சமையலறைச் சுவரில் குமிழ்கள் வைத்த ஒரு பெட்டி இருக்கும். மழை மண், மல்லிகை, கடல் என்று வேண்டிய வாசனையை அதில் கூட்டிக்கொள்ளலாம். நான் காயல்பட்டினத்துக்காரி. அதனால் தினமும் காலையில் கடல் குமிழை இரண்டு புள்ளி ஏற்றிவைப்பது அவர் வழக்கம்.

"கருவாட்டு வாசமும் சேர்ந்து வருதா, பாரு" என்றார்.

"வருது. போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் பெஷாவர்க்காரர். பேசியது உருது. என் காதில் மாட்டியிருக்கும் செவிமொழி எல்லோருடைய பேச்சையும் என் ஊர்ப் பேச்சாக மாற்றித் தந்துவிடும். பத்து வருடத் தாம்பத்தியத்தில் அவருடைய சொந்தச் சொற்களை நான் கேட்டது குறைவு. அன்றும் கேட்கவில்லை.

லெப்டினன்ட் ஜெனரல் மிஹ்ராப் கட்டக், பாகிஸ்தான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நடைகூடத்தின் இரண்டாவது திருப்பத்தில் இறந்தார். கொன்றவர் அடுத்த வீட்டு இலாஹி பக்ஷ். காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவர். கையிலிருந்த ரெஞ்சால் தலையில் ஒரே அடி. பிறகு அவரே கீழே உட்கார்ந்து, அந்தத் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார். அத்தனையும் சுவர்க் கண்களில் பதிவாகியிருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் காற்றுக்குழாய் ஒன்றுதான். கடல் புகுந்த கராச்சி வெள்ளத்தில் மனைவியையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்த இலாஹி பக்ஷ், கடலே இல்லாத இடம் வேண்டும் என்று நிலவுக்கு வந்தவர். அந்த வாசனையை நிறுத்தச் சொல்லி என் கணவரிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் கிடைத்த பதில், "எழுத்துல கொடுங்க." முப்பத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்த மனிதர். வாயால் கேட்பது ஒரு கோரிக்கை என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இருவரில் யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே குமிழை மூடியிருப்பேன். சொல்லவில்லை.

நான்கு மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்தால் போதாது. யாரும் எந்தத் தீர்ப்பையும் நம்பாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்ததால், நம்பிக்கை வந்த பிறகே தீர்ப்பு செல்லும் என்று சட்டம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு கொலைக்கும் ஓர் ஐயப் பலகை திறக்கப்படும். பூமியில் இருப்பவர்களும் எங்கள் கினாராக் குடியிருப்பில் இருப்பவர்களுமாக இருபத்தெட்டுக் கோடிப் பேர், மணிக்கட்டில் விரலை நகர்த்தித் தங்கள் சந்தேகத்தைப் பதிவு செய்வார்கள். யாராவது ஒருவர் மேல் ஐம்பது சதவீதம் சேர வேண்டும். அதுவரை கைது இல்லை. அதுவரை இறந்தவரின் உடல், மய்யித்து, சாட்சிப் பொருள். அடக்கம் செய்யக் கூடாது.

முதல் நாள் பலகை இப்படி இருந்தது. இந்தியாக்காரியான நான், முப்பத்தொன்று. எல்லைச் சண்டையில் அவர் ஒருமுறை சுட மறுத்ததை மறக்காத பழைய சகாக்கள், இருபத்தேழு. அயல்நாட்டு உளவாளிகள், இருபது. சுரங்கக் கம்பெனி ஒன்று, பதினொன்று. ஜெனரல் சாகவே இல்லை, எங்கோ ஒளிந்திருக்கிறார் என்பவர்கள், எட்டு. இலாஹி பக்ஷ், மூன்று.

மய்யித்தை வைத்திருந்த குளிர் அறையின் பதிவாளர் குல்ரேஸ் என்ற பெண். தினமும் அவளை அழைத்துக் கேட்பேன். அவள் அக்கா என்பது செவிமொழியில் எனக்கு 'லாத்தா' என்று விழும்.

"லாத்தா, நான் என்ன வெச்சிக்கிட்டா இல்லைங்கிறேன்? ஐம்பது வராம அந்தக் கதவு எனக்கே திறக்காது."

"பொழுது சாயறதுக்குள்ள அடக்கணும்மா. எங்க வழக்கம் உனக்கும் தெரியும்."

"தெரியும் லாத்தா. என் வாப்பாவை அடக்க ரெண்டு வருசம் ஆச்சு."

கணவனை இழந்தவள் காக்கும் இத்தாவில் நான் இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண்கள் முன் நிற்கக் கூடாது. 'ஏன் ஒளிந்துகொள்கிறாள்?' என்று பலகையில் ஒரு கேள்வி எழுந்தது. எனக்கு இரண்டு சதவீதம் கூடியது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் இலாஹி பக்ஷ் வந்து, மூடிய என் கதவுக்கு வெளியே உட்காருவார். முதல் ஐந்து வாரம் நான் பதில் பேசவில்லை. என் கணவரைக் கொன்றவர் என் ஊர்ப் பேச்சில் பேசுவதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒருமுறை செவிமொழியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். புரியாத சொற்கள், நடுவில் ஓர் அழுகை. அழுகை புரிந்தது. மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இந்த வாரமும் மூணுதான் லாத்தா."

"பார்த்தேன்."

"நேத்து ஸ்டேஷனுக்குப் போயி என்னைய உள்ள போடுங்கன்னேன். அங்க இருக்கிறவன் அண்ணன் மாதிரி நெனச்சுத் தேத்தண்ணி கொடுத்து, 'காக்கா, உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது யாரு'ங்கிறான்."

"எழுத்துல கொடுங்கன்னு அவரு சொன்னாரே, ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தா என்ன?"

"என்னன்னு எழுத? கடல் வாசம் வருதுன்னா?"

"என் வாசலுக்கு ஏன் வாறீங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் செஞ்சேன்னு வேற யாரு லாத்தா நம்புறா?"

இரண்டாம் மாதம் ஒரு விவாத நிகழ்ச்சியில், திரைக்குப் பின்னாலிருந்து நானே பேசினேன். குழாய், குமிழ், வெள்ளம், மூன்று கோரிக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் சிரித்தார்.

"வாசனைக்காக ஒரு ஜெனரலைக் கொல்லுவாங்களா? அப்படின்னா எங்க வீட்டு மீன் ஆணம் கொதிக்கிற நாத்தத்துக்கு நான் எத்தனை தடவ மௌத்தாகியிருக்கணும்?"

அரங்கமே சிரித்தது. சுவர்க் கண் பதிவு இவ்வளவு தெளிவாக இருப்பதே அது போலி என்பதற்கு ஆதாரம் என்றார் இன்னொருவர். கொலைகாரனுக்காக மனைவி இரங்குகிறாள், கவனித்தீர்களா என்றார் மூன்றாமவர். நிகழ்ச்சி முடிந்தபோது என் கணக்கு நாற்பத்து நாலு.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஆறு சேர்ந்தால் கதவு திறக்கும். அவர் மண்ணுக்குள் போய்விடுவார்.

பழியை நானே ஏற்கப்போவதாக மறு வெள்ளிக்கிழமை இலாஹி பக்ஷிடம் சொன்னேன்.

"வேணாம் லாத்தா. பொய்."

"உங்க உண்மை அவரைக் குளிர்லதான் வெச்சிருக்கு."

நான்தான் கொல்லச் சொன்னேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. அல்லாஹ் மன்னிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் என் கணக்கு ஆறுக்கு இறங்கிவிட்டது. பாவம், யாரோ மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள் என்றார்கள். பழைய சகாக்கள் நாற்பத்தொன்றுக்கு ஏறினார்கள். திரைக்குப் பின்னால் நான் அழுத ஒலிப்பதிவை ஒன்பது கோடிப் பேர் கேட்டார்கள். ஐம்பதை யாரும் தொடவில்லை.

இத்தா முடிந்தது. வெளியே வந்து குளித்து வேறு உடை உடுத்தினேன். இன்னும் அடக்கம் ஆகாத ஒருவருக்காகத் துக்கம் காத்து முடித்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் லாகூரில் ஒரு கிரிக்கெட் வீரர் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். அவருக்கு ஒரு பலகை திறந்தார்கள். எங்கள் பலகையைப் பார்ப்பவர்கள் அன்று மாலையே லட்சத்துக்குக் குறைந்தார்கள். அடுத்த வாரம் எண்ணூறு பேர். ஒரு பலகையை ஏழு நாள் தொடர்ந்து ஆயிரம் பேருக்கும் குறைவாகப் பார்த்தால் அது தானாக மூடிக்கொள்ளும் என்று சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. குல்ரேஸ்தான் அழைத்தாள்.

"லாத்தா, கதவு திறந்துட்டு. 'தீராத ஐயம்'னு போட்டு மூடிட்டாங்க. வந்து எடுத்துக்கிடுங்க."

உண்மை திறக்காத கதவு, பொய்யும் திறக்காத கதவு, சலிப்பில் திறந்துகொண்டது. பலகை மறுபடி திறக்காதவரை இலாஹி பக்ஷ் மேல் யாரும் வழக்குத் தொடுக்க முடியாது.

அடக்கத்துக்கு ஆள் வரவில்லை. மூடிய பலகையை யாராவது மறுபடி திறந்தால், அடக்கத்துக்கு வந்தவர்கள் பெயரும் அதில் ஏறிவிடும் என்று பயம். மய்யித்தை என் வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருந்தேன். இமாம் வந்தார். குளிர் அறை ஊழியர்கள் இருவர் வந்தார்கள். நிலவில் ஒரு மய்யித்தை ஒருவரே தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. ஆனாலும் மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்குக்கு நான்கு தோள் வேண்டும் என்று இமாம் நின்றுகொண்டிருந்தார்.

கதவுக்கு அப்பால் இலாஹி பக்ஷின் குரல் கேட்டது. "லாத்தா, மூணு பேர்தான் இருக்காங்க."

நான் எழுந்து கதவருகே போனேன்.

"தலைமாட்டுப் பக்கம் வேணாம்" என்றேன். "கால்மாட்டுல பிடிங்க."

கதவைத் திறந்துவிட்டேன். இலாஹி பக்ஷ் தலை நிமிராமல் வந்து, நான் சொன்ன இடத்தில் தோள் கொடுத்தார்.

அடக்கத்தலமான கபுருஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்த்து, முகத்தை மக்கா இருக்கும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பி வைத்தார்கள். இங்கே கிப்லா என்றால் பூமி. அந்த இருபத்தெட்டுக் கோடியில் ஏறக்குறைய எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். கினாராவில் பூமி உதிப்பதில்லை, மறைவதும் இல்லை. அவரைப் புதைத்த மேட்டுக்கு மேலே, ஒரே இடத்தில் நிற்கிறது.