பயம் போன சீட்டு

குணசீலி டாக்டரின் குடல்வால் வெடித்துவிட்டது. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் மூன்று பேர் தங்கியிருந்த அந்த ஆழ்மனையில் அறுவைச் சிகிச்சை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கேட்கவா வேண்டும்! மேலே கொண்டுபோகலாமென்றால், உடம்பு அழுத்தத்துக்குப் பழகி மேலேற ஒரு வாரம் பிடிக்கும். டாக்டருக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

"மந்திரச் சீட்ட எடு ஸ்டெல்லா," என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அமலதாசனுக்குப் போடு."

ஸ்டெல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மந்திரச் சீட்டு என்றால் ஒரு திறமை முழுவதையும் அடக்கிய தகடு. நெற்றிப்பொட்டில் ஒட்டினால் போதும், திறமை உள்ளே இறங்கிவிடும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக் கருவியை மண்டையில் பதித்த டாக்டர் போன்றவர்களுக்குத்தான் அது சாதாரணம். அவள் புருஷன் அமலதாசன் அந்த மனையின் சமையல்காரன், வெறும் சாதா.

சாதாக்கள் சீட்டு வாங்க வேறு விதி. சேர்ந்து ஆடும் சீட்டாட்டங்களிலிருந்து அதை அப்படியே உருவி, சீட்டு மாற்றும் இயந்திரத்தில் ஏற்றியிருந்தார்கள். சாதாவின் கையில் காலியிடம் கிடையாது. புதியது வர, அவனிடம் இருக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும். எதைக் கழிப்பதென்று கூட இருப்பவர்கள்தான் சொல்வார்கள். எல்லாரும் சம்மதிக்க வேண்டும், வாங்குகிறவனும்தான். அவன் வாங்கிய மந்திரமோ ஒரே தடவைதான் வேலை செய்யும், பிறகு எரிந்துபோகும்.

திரையில் அமலதாசனின் சீட்டுகள் விரிந்தன. மீன் அறுப்பது, நீச்சல், சமையல், பாட்டு, பயம்.

"எதையாச்சும் எடுங்கட்டி, எனக்குப் பயமாக் கெடக்கு," என்றான் அவன். முகம் வெளிறிக் கிடந்தது.

ஸ்டெல்லா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தினம் சாயங்காலம் மூவரும் சீட்டாடுகிறவர்கள். கையில் எது உதவாததோ அதைத்தானே முதலில் தள்ளுவார்கள்? "பயத்த எடுங்க டாக்டரம்மா. அந்தக் கருமத்தால என்ன பிரயோசனம்? கத்திய எடுத்தா கை நடுங்குறதுக்கா?"

டாக்டர் தலையாட்டினார். அமலதாசனும் சம்மதம் என்றான். சொல்லி முடிக்கவும் அவன் நடுக்கம் நின்றது.

அடேயப்பா, என்ன கை அது! சாளை மீனைச் சுத்தம் பண்ணுகிற நிதானத்தோடு வயிற்றைத் திறந்தான், வெடித்ததை எடுத்தான், தைத்தான். ஒட்டியிருந்த தகடு கருகி உதிர்ந்தது. மறுநாள் டாக்டர் கண்விழித்துத் தண்ணீர் கேட்டபோது ஸ்டெல்லா ஓவென்று அழுதுவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

அந்த அழுகை அடங்குமுன்னே நீர்வாசல் பக்கம் சத்தம் கேட்டது. தரையிலிருக்கும் அந்தத் திறப்பு வழியாகத்தான் கடலுக்குள் இறங்குவார்கள், காற்றுக்கலனை முதுகில் கட்டிக்கொண்டு. அமலதாசன் கைலியோடு அதிலிருந்து எழுந்து வந்தான். முதுகில் ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கையில் ஒரு நண்டு.

"டாக்டரம்மாவுக்குச் சாறு வைக்கலாம்னு. ஒண்ணுதான் கெடச்சுது."

"காத்துக் கட்டாமயா போனிய?" என்றாள் ஸ்டெல்லா.

"மூச்சு முட்டுச்சு. முட்டட்டுமேன்னு இருந்துட்டேன். நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு."

அவள் ஓடிப்போய் டாக்டரை உலுக்கினாள். கழித்த சீட்டு இயந்திரத்தின் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. தகடு எரிந்த இடமும் காலி. திரும்ப வைத்துவிடலாம். எல்லாருக்கும் சம்மதமா என்று இயந்திரம் கேட்டது. டாக்டர் சம்மதம் என்றார். ஸ்டெல்லா சம்மதம், சம்மதம் என்று இரண்டு தடவை கத்தினாள்.

"அமலதாசன்?" என்றது இயந்திரம்.

"பயத்தையா?" அவன் சிரித்தான். "எதுக்கு? நேத்து வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேண்டாம்."

"சம்மதம் முழுமையில்லை," என்றது இயந்திரம்.

ஸ்டெல்லா அவன் காலைப் பிடித்தாள், கரையிலிருக்கும் பிள்ளைகள் மேல் சத்தியம் என்றாள், செத்துப்போவீர்கள் என்று அலறினாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பாவம், இவளுக்கு என்ன ஆயிற்று என்பது போலத் தலையைத் தடவிக் கொடுத்தான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான்.

"ஒரு நண்டு பத்தாது," என்று சொல்லிவிட்டு வெறும் முதுகோடு தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கினான்.

"ஐயோ டாக்டரம்மா, அவருக்கு எதையாச்சும் சொல்லிப் பயங்காட்டுங்களேன்!"

டாக்டர் எழ முடியாமல் படுக்கையிலிருந்தே அவளைப் பார்த்தார்.

"எப்படிம்மா காட்டுறது? அதுதான் நம்ம கிட்ட இருக்கே."