வெறுநோக்கர்

செவ்வாயின் பனிச்சுரங்கக் குடியிருப்பில் சுவர்கள் தூங்குவதில்லை. அறைக்கு ஒரு சுவர் முழுக்கத் திரை. தொடர், சண்டை, விளம்பரம், மறுபடி தொடர். அணைக்கப் பொத்தான் கிடையாது. பாறை உடைத்துவிட்டு வந்து படுக்கிறவளின் மூடிய இமைக்குள்ளும் சோப்பு விற்பார்கள்.

தங்கப்பழத்துக்கு வேண்டியது இருட்டு. அதற்கு ஒரு வழிதான் இருந்தது. பார்வையாளர்களைத் திரை ஓட்டும் நிறுவனம் மூன்றாகப் பிரித்திருந்தது. கண் நகராமல் பார்ப்பவர் ஆழ்நோக்கர். வேலைக்கு நடுவே பார்ப்பவர் மேய்நோக்கர். எதை ஓட்டினாலும் மனசில் ஏறாதவர் வெறுநோக்கர். அவர்களுக்குக் காட்டுவது தண்டம் என்று சுவரை அணைத்துவிடுவார்கள்.

அளவெடுப்பு வாரத்தில் விழியளவி அவள் கருமணியைப் பின்தொடர்ந்தது. திரையைப் பார்த்தபடியே அவள் பாறையை நினைத்துக்கொண்டாள். பிறகு கணிப்பான் என்ற இயந்திரம் கேள்விகளோடு வந்தது. எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றாள்.

முடிவை அது நடைவழியில் நின்று உரக்கப் படிப்பது வழக்கம்.

"தங்கப்பழம். வெறுநோக்கர். கடைசித் தரம். இன்றோடு சுவர் அணைக்கப்படும். மறுப்பு உண்டா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

எதிர் அறை வாசலில் வெள்ளத்தாய் நின்றாள். தண்ணீர் வரிசையில் ஆரம்பித்த பகை இருவருக்கும்.

"நானெல்லாம் ஆழ்நோக்கராக்கும், முதல் தரம். இவளுக்கு என்னத்தக் காட்டி என்ன? மண்டைக்குள்ள ஏதாவது இருந்தால்லா ஏறும்!"

"யாரு மண்டைட்டீ?"

"நானா சொன்னேன்? மிஷினே சொல்லிட்டே! கடைசித் தரமாம், ஊருக்கே கேட்டுட்டு."

நடைவழியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கப்பழத்தின் முகம் கறுத்தது.

"ஏ டப்பா! நேத்துத் தொடர்ல மூத்த மருமக நகைய எங்க ஒளிச்சா? அவகிட்டக் கேளு."

"பீரோவுல," என்றாள் வெள்ளத்தாய்.

"அரிசிப் பானையிலட்டீ, செவிட்டு முண்டம்! சின்னவ பாத்துட்டா. மாமியாக்காரி கதவுக்குப் பின்னால நிக்கா. அதுக்குள்ள சோப்பு விளம்பரம் போட்டுட்டான், மஞ்சச் சேலக்காரி குளிக்கது. இவ முதல் தரமாம், த்தூ!"

"மறுப்பு ஏற்கப்பட்டது," என்றது கணிப்பான். "தங்கப்பழம், ஆழ்நோக்கர், முதல் தரத்துக்கும் மேலான உச்சத் தரம். உச்சத் தரத்தாருக்கு நான்கு சுவர்களும் திரையாக ஒளிரும்."

"கேட்டியாட்டீ? நாலு!" என்று விரல்களை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான்கும் ஒருசேர எரிந்தன. வெளிச்சம் எதிர் அறை வரை விழட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்தாள். பிறகு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்தாள்.